நாற்பது மைக்ரோலிட்டர்

ஜனவரி 6, திங்கள்

புது டைரி. முன்பெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொன்று கொண்டுவந்து மேஜையில் அடுக்குவார்கள். எங்கள் ரத்தப் பரிசோதனை லேப்பை விற்ற பிறகு ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பாளையங்கோட்டை முழுக்கத் தேடி, தெற்கு பஜாரில் ஒரு கடையில் வாங்கினேன். அட்டைக்கு மட்டும் பெரிய மனுஷத் தோரணை. உள்ளே கோடுகள் மங்கல். கோடு போடும் மையில்கூடவா மிச்சம் பிடிப்பார்கள்.

இன்று கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடி நரம்பை நசுக்குகிற வியாதி எனக்கு. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே உள்ளே வரும். டாக்டர் மதிவதனி என் மகள் பியூலாவைவிடச் சின்னப் பெண். கொஞ்சமும் பூசி மெழுகாமல் பேசுகிறாள்.

"வலது கண்ணுல பாதிக்கு மேல போயிடுச்சு சார். போனது வராது. இடது கண்ணு நல்லா இருக்கு, அதைக் காப்பாத்தணும். காலையில ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு, ரெண்டு கண்ணுலயும். ஒரு வேளை விடக்கூடாது. ஏப்ரல்ல வந்து காட்டுங்க."

நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி ஜெபக்கனி பதில் சொல்லிவிட்டாள். "நான் போட்டுவிடுதேன் டாக்டர். இவியள நம்ப முடியாது."

சரிதான். போன வருஷம் நானே போட்டுக்கொள்கிறேன் என்று வீம்பு பிடித்து, குப்பியின் மூக்கைக் கண்ணில் இடித்து, ஒரு வாரம் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்த கண்ணோடு திரிந்தேன். அன்றோடு குப்பி அவள் கைக்குப் போய்விட்டது. சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். தலையணை மேல் வெள்ளைத் துண்டு விரிப்பாள். என்னைப் படுக்க வைத்துக் கீழிமையை ஒரு விரலால் இறக்குவாள். "போட்டுட்டேன். விழுந்துட்டா?" என்பாள். "விழுந்துட்டு" என்பேன். ஒவ்வொரு புதுக் குப்பியிலும் திறந்த தேதியை எழுதி ஒட்டுவாள். லேப்பில் ரசாயனக் குப்பிகளுக்கும் அப்படித்தான் ஒட்டுவாள். பழக்கம் விடாது.

ஜனவரி 15, புதன்

லேப்பை வாங்கிய செல்வின் பொங்கல் வாழ்த்துச் சொல்லப் பழக்கூடையோடு வந்தார். எங்கள் பழைய 'ஜெபா ரத்தப் பரிசோதனை நிலைய'த்தில் இப்போது எல்லாம் மெஷினாம். ரத்தக் குழாயைக் காட்டினால் அதுவே உறிஞ்சிக்கொள்கிறதாம்.

"பிளாங்க் வைக்கீயளா?" என்று ஜெபா கேட்டாள்.

"அதெல்லாம் மெஷினே பாத்துக்கும் ஆன்ட்டி."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிளாங்க் என்பது ரத்தம் சேர்க்காத வெறும் குழாய். முதலில் அதை வைத்து, கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றுமே இல்லாததில் ஏதோ இருப்பதாகக் கருவி சொன்னால், அப்புறம் அது சொல்கிற எதையும் நம்ப முடியாது. நான் எத்தனையோ நாள் அவசரத்தில் பிளாங்க் வைக்காமல் ஓட்டியிருக்கிறேன். ஜெபா ஒரு நாளும் ஓட்டியதில்லை.

நாங்கள் லேப் ஆரம்பித்த காலத்தில் ரத்தத்தை வாயால்தான் உறிஞ்சுவோம். ரப்பர் குழாயின் ஒரு முனை பல்லிடுக்கில், மறுமுனையில் கண்ணாடிப் பிப்பெட். அதில் ஒரு மெல்லிய கோடு, இருபது கியூபிக் மில்லிமீட்டர். பின்னால் அதையே இருபது மைக்ரோலிட்டர் என்றார்கள். பெயர்தான் மாறியது, ரத்தம் அதேதான். ஒரு கொத்தமல்லி விதையளவு இருக்கும். எனக்கு எப்போதும் கோட்டைத் தாண்டிப் போய்விடும், பஞ்சில் ஒற்றிக் குறைப்பேன். ஜெபா ஒருமுறை உறிஞ்சினால் ரத்தம் கோட்டில் வந்து நிற்கும். ரத்தத்தில் குமிழி இருந்தாலோ உறைந்திருந்தாலோ கீழே வைத்துவிடுவாள். "இது ஆகாது. இன்னொண்ணு." கவுன்சிலரின் மாமனாராக இருந்தாலும் அதே பேச்சுதான். கைக்குழந்தைக்காரிகள் நான் ஊசியோடு வந்தால் "அம்மா இல்லியா?" என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் வரும். உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும்.

செல்வினுக்குப் பாயசம் கொண்டுவந்தபோது டம்ளர் தட்டில் கடகடவென்று சத்தம் போட்டது. பனி இன்னும் விடவில்லை. எனக்கே கை விறைக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

திருவிருந்து ஆராதனை. எங்கள் சபையில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் திராட்சரசம் கொடுப்பார்கள். ஒரு வாய்கூட நிறையாது. முழங்காலிட்டிருந்த ஜெபா கிண்ணத்தை எடுத்தாள். உதட்டுக்குப் போகுமுன் பாதி வெள்ளைச் சேலையில் கொட்டிவிட்டது. போதகர் பார்க்காதது போல அடுத்தவரிடம் நகர்ந்தார். நானும் பார்க்காதது போலக் கண்ணை மூடி ஜெபித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சம்பழம் வைத்துக் கறையைத் தேய்த்தாள். "ஆரோ முழங்கைய இடிச்சிட்டாவ," என்றாள்.

அவள் வரிசையின் கடைசி. பக்கத்தில் இருந்தது நான் ஒருவன்தான்.

"நாந்தான் இடிச்சிருப்பேன். கவனிக்கல," என்றேன்.

"பாத்து இருக்கப்படாதா," என்றாள். கறை போகவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

இப்போதெல்லாம் காபி அரை டம்ளர்தான் வருகிறது. கேட்டால் சர்க்கரை கூடிவிடும் என்கிறாள். எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்று காலைச் சொட்டு புருவத்தில் விழுந்தது. குளிர்ச்சியாக இறங்கிக் காதுக்குள் போனது.

வலது கையின் மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தாள். ஒரு வாரமாகவே அப்படித்தான் பிடிக்கிறாள். இமையை நானே இறக்கிக்கொள்கிறேன், எனக்கு அதுதான் வசதி என்று சொல்லியிருக்கிறேன். அவளும் வசதி என்றால் சரி என்றுவிட்டாள். அப்படிப் பிடித்தும் குப்பியின் மூக்கு என் முகத்துக்கு மேலே ஆடிக்கொண்டே இருந்தது.

"போட்டுட்டேன். விழுந்துட்டா?"

குரலில் ஒரு பயம் இருந்தது. லேப்பில் எத்தனையோ பேருக்கு என்னென்னவோ வியாதி என்று ரிப்போர்ட் எழுதியபோதும் அந்தக் குரலில் பயம் கேட்டதில்லை.

"விழுந்துட்டு," என்றேன். அவள் முகம் தெளிந்தது. துண்டை மடித்து எடுத்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அடுக்களைக்குப் போனாள். லேப்பை விற்ற பிறகு அந்தக் கைக்கு மிச்சமிருக்கிற உத்தியோகம் இது ஒன்றுதான். அதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

நாளையிலிருந்து ஒரு தந்திரம் செய்யலாம். சொட்டு எங்கே விழப்போகிறதோ அங்கே கண்ணைக் கொண்டுபோய் வைத்தால் போயிற்று.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் இரண்டையும் பிடித்தேன். மாலையில் ஒன்று. இந்தத் திறமை தெரிந்திருந்தால் காலேஜில் கிரிக்கெட் டீமில் சேர்த்திருப்பார்கள்.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள்.

"டாக்டர் ஏப்ரல்ல வரச் சொன்னாவல்லா. ஆட்டோக்காரன வரச் சொல்லட்டா?" என்றாள்.

"கண்ணு நல்லாத்தான இருக்கு. வெயிலு ஆளக் கொல்லுது. மே கழியட்டும்."

"சொன்ன தேதிக்குப் போணும்."

"சொட்டு தவறாம போடுத. பிறகு என்ன? அவகிட்ட போனா கண்ணுல லைட்ட அடிச்சி, முன்னூறு பேருக்கு நடுவுல உக்கார வைப்பா."

கடைசியில் விட்டுவிட்டாள். வெயில் உண்மையிலேயே கடுமைதான். நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை, மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை. பாட்டுப் புத்தகத்தில் வரியின் கடைசி வார்த்தைகள் காணாமல் போகின்றன. புதுப் பதிப்பில் அச்சு சரியில்லை. ஜெபாவின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அது பழைய பதிப்பு. அதிலும் அப்படித்தான் இருக்கிறது.

மே 12, திங்கள்

புதுக் குப்பி திறந்தாயிற்று. தேதி ஒட்டவில்லை. "மறந்துட்டேன்," என்றாள். பேனாவை எடுத்து நீட்டினேன். "நீங்களே எழுதுங்க, உங்க கையெழுத்து நல்லாருக்கும்," என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என் கையெழுத்தைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. கோழி கிளறினது மாதிரி இருக்கு என்பதுதான் அவளுடைய நிலையான அபிப்பிராயம்.

மாலையில் ஓசூரிலிருந்து பியூலா போன் பண்ணினாள். வீட்டுக்கு வந்து மருந்து போட, உதவி செய்ய ஒரு நர்ஸம்மாவை ஏற்பாடு பண்ணட்டுமா என்று கேட்டாள். ஜெபா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"எதுக்கு? எனக்குக் கையில்லியா?"

அவள் போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே நின்றது. சாயங்காலச் சொட்டுக்கு இரண்டு தடவை கை கழுவினாள். ஒன்று மூக்கில் விழுந்தது, ஒன்று தலையணையில். இரண்டுக்கும் விழுந்துட்டு என்றேன்.

பந்து பிடிக்கிற வேலையும் இப்போது சரியாக வரவில்லை. குப்பியின் மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே கண்ணைக் கொண்டுபோக முடியும். அந்த அறையில் வெளிச்சம் போதாது. பெரிய பல்பு வாங்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

பெரிய பல்பு போட்டாயிற்று. அதே வெளிச்சம்தான். கம்பெனிகள் எல்லாம் ஏமாற்றுகிறார்கள்.

ஆராதனை முடிந்து வரும்போது, கோயில் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் இடப்பக்கமிருந்து வந்து செருப்பை உரசிக்கொண்டு போனது. ஹாரன் அடிக்காமல் ஓட்டுகிறார்கள். "அவன் அடிச்சிட்டேதான வந்தான்," என்று ஜெபா சொன்னாள். மத்தியானம் சாம்பார் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அதை மேஜையின் ஓரத்தில் வைத்தது அவள் தப்பு. ஆனால் துடைக்கும்போது இரண்டு பேரும் ஒரே துணியைப் பிடித்துக்கொண்டோம். அவள் கை வழியாக அந்த நடுக்கம் துணியில் வந்தது. நான் துணியை விடவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்று தனியாக உட்கார்ந்து யோசித்தேன். எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்.

குப்பியிலிருந்து வருகிற ஒரு சொட்டு ஏறக்குறைய நாற்பது மைக்ரோலிட்டர். எங்கள் பிப்பெட்டின் கோட்டைப்போல இரண்டு மடங்கு. கண்ணின் மேல் எப்போதும் நிற்கிற கண்ணீரோ ஏழு மைக்ரோலிட்டர். அவ்வளவுதான் மனிதக் கண்ணின் கொள்ளளவு. அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் கன்னத்தில்தான் வழியும். அப்படியானால் சொட்டு முழுதாகக் கண்ணுக்குள் விழ வேண்டும் என்று என்ன அவசியம்? இமையோரத்தில் பட்டுக் கொஞ்சம் கசிந்தாலே போதும். புருவத்தில் விழுந்தது உருண்டு வந்தாலும் போதும். கம்பெனிக்காரன் தேவைக்கு மேல் ஊற்றுகிறான், அதில் நான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன்.

இதை எழுதி முடித்துவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஜெபாவிடம் காட்டிச் சரிபார்க்கத் தைரியம் வரவில்லை.

ஜூலை 3, வியாழன்

இன்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பியூலா போனில் அழுது அனுப்பி வைத்தாள்.

முகத்தை ஒரு பெட்டிக்குள் வைத்து, வெளிச்சப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்லும் பரிசோதனை. நடுவில் நின்றுபோய்விட்டதோ என்று நினைத்து, "மெஷின் ஓடுதாம்மா?" என்று கேட்டேன். "ஓடிக்கிட்டுத்தான் இருக்குங்க ஐயா," என்றாள் அந்தப் பெண்.

டாக்டர் மதிவதனி தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஜெபாவிடம்தான் பேசினாள்.

"வலது கண்ணுல வெளிச்சம் மட்டும் லேசாத் தெரியும், இனி அதுவும் போயிடும். இடது கண்ணுல சுத்தி எல்லாம் போயிடுச்சு. குழாய் வழியாப் பாக்குற மாதிரி நடுவுல மட்டும் மிச்சம் இருக்கு. அழுத்தம் முப்பத்திநாலு, இருபத்தொண்ணத் தாண்டக்கூடாது. மருந்தே போடாதவங்களுக்குத்தான் இப்படி இருக்கும்."

"ஒரு வேளை தவறல டாக்டர். நாந்தான் போடுதேன்."

டாக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு குப்பி எடுத்து நீட்டினாள். "இது வெறும் ஈரத்துக்குப் போடுறது, ஒண்ணும் செய்யாது. எப்படிப் போடுறீங்கன்னு ஒரு தடவை போட்டுக் காட்டுங்கம்மா."

ஜெபா பையை நாற்காலியில் வைத்தாள். மூலையில் இருந்த குழாயடிக்குப் போனாள். கை கழுவாமல் தொட மாட்டாள். சோப்பு அவள் கையிலிருந்து வழுக்கித் தொட்டியில் விழும் சத்தம் கேட்டது. எடுத்தாள். மறுபடியும் விழுந்தது.

"டாக்டர்," என்றேன், அவளுக்கும் கேட்கும்படி. "அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவ ஒழுங்காத்தான் போடுதா. மருந்து எரியுது. அவ அந்தப் பக்கம் போனதும் நாந்தான் துடைச்சிருவேன்."

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டினாள். உங்க கண்ணுதான சார், எனக்கா போடுறீங்க என்றாள். படிச்ச மனுஷன், லேப் வச்சிருந்தவர், நீங்களே இப்படிப் பண்ணலாமா என்றாள். நான் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டேன். ஜெபா ஈரக்கையோடு நின்றாள். போட்டுக் காட்ட வேண்டிய தேவை இல்லாமல் போனது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆட்டோ முருகன்குறிச்சி தாண்டியதும் கேட்டாள்.

"எரியுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீயளா?"

"இல்ல."

"எரிஞ்சா கண்ணு சுருங்கும். உங்களுக்கு ஒரு நாளும் சுருங்கலிய."

நான் வெளியே வேடிக்கை பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெளியே எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

ஜூலை 5, சனி

ஜெபா பேசுகிறாள், ஆனால் யோசித்துப் பேசுகிறாள். தலையணை உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் போட்டிருந்த சட்டையின் காலரை. லேப்பில் ஒரு ரிப்போர்ட் அவளுக்கு ஒத்துவரவில்லை என்றால் இப்படித்தான் நடமாடுவாள்.

ஜூலை 8, செவ்வாய்

எழுதலாமா என்று தயங்கினேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் வழக்கம்போலத் துண்டு விரித்தாள். வழக்கம்போல நான் படுத்து, இமையை இறக்கிக்கொண்டேன். அவள் மூச்சு என் நெற்றியில் பட்டது.

"போட்டுட்டேன். இடது கண்ணுல விழுந்துட்டா?"

"விழுந்துட்டு."

"வலது கண்ணு?"

"அதுவும் விழுந்துட்டு."

பாட்டு முணுமுணுப்பு வரவில்லை. துண்டை எடுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்து விரித்து, குப்பியை உள்ளங்கையில் வைத்தாள்.

"தடவிப் பாருங்க."

தடவினேன். மூடி இறுக்கமாகத் திருகியிருந்தது.

"தொறக்கவே இல்ல நான்," என்றாள். "பிளாங்க் வச்சேன்."

மூடியை இன்னொரு தடவை தடவினேன்.

"வெள்ளை மூடி. கண்ணுக்கு முன்னால ஒரு விரக்கடையில பிடிச்சேன். அதுகூடத் தெரியலியா உங்களுக்கு?"

"தெரியல."

அவள் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த சத்தம்தான் கேட்டது, எனக்கு அவள் தெரியவில்லை. எழுந்து, முகத்தைத் திருப்பித் திருப்பித் தேடி, அவளைக் கண்டுபிடித்தேன். இரண்டு கையையும் மடியில் போட்டு, வலதை இடதால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து?"

"மார்ச்சுல இருந்து. உனக்கு மனசு சங்கடப்படும்னு..."

"நாப்பது வருசம் ஊருக்கே ரிப்போர்ட்டு கொடுத்தோம். ஒண்ணாவது பொய்யாக் கொடுத்தமா?"

"இல்ல."

"எனக்குக் கொடுத்துட்டீயள."

அவள் அழுதாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது கொஞ்சம்தான், அதிலும் இப்படிக் குரல் உடைந்து அழுததே இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைத் தொட்டேன். தட்டிவிட்டாள்.

"எங்கையி நடுங்குனா நடுங்குதுன்னு சொல்லணும். எனக்குத் தெரியாதா அது? நீங்க விழுந்துட்டு விழுந்துட்டுன்னு சொன்னதால, நடுங்குனாலும் வேலைக்கு ஆவுதுன்னு நெனச்சேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன் தெரியுமா, ரெண்டு வேளையும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"எங்கைய வச்சே உங்க கண்ண அவிச்சிட்டீய."

 

ஜூலை 9, புதன்

காலையில் குப்பியை என் கையில் கொடுத்துவிட்டாள். "இனி நீங்கதான்."

ஜெபா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டாள், சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கை நடுங்குகிறவர்கள், கண் தெரியாதவர்கள் போட்டுக்கொள்கிற முறை. மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய மூலையில் சொட்டை விட வேண்டும். பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்தால் அது தானே உள்ளே இறங்கும். இவ்வளவு சுலபமான வழி இருக்கிறது. மார்ச் மாதம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

முதல் சொட்டு நெற்றியில் விழுந்தது. ஜெபா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்துட்டு," என்று வாய் தானாகச் சொன்னது.

"விழல," என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நான் போட்டுக்கொள்வேன். அவள் லேப் காலத்து டார்ச்சை எடுத்துக் குனிந்து பார்ப்பாள். இமையின் ஓரத்தில் ஈரம் நிற்க வேண்டும், விழியின் மேல் பளபளப்பு ஓட வேண்டும். இல்லையென்றால் விட மாட்டாள்.

"இது ஆகாது. இன்னொண்ணு."

மறுபடியும் போடுவேன். சில நாள் நாலு, அஞ்சு தடவை. குப்பி பாதி மாதத்திலேயே காலியாகிறது. மருந்துக் கடைக்காரர், "கண்ணுக்கா போடுதீய, குளிக்கீயளா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லிவிட்டு ஜெபா லேசாகச் சிரித்தாள். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் கேட்டேன்.

பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான் திருவிருந்துக்கு அவளும் முன்னே வந்தாள். போதகர் கிண்ணத்தை அவள் கையில் கொடுக்காமல் உதட்டிலேயே வைத்தார். அவள்தான் போன வாரம் போய்ச் சொல்லி வைத்திருக்கிறாள், எனக்குக் கை நடுங்குது ஐயா, நீங்களே கொடுத்துருங்கன்னு. எனக்கு அது தெரியாது. என்னிடம் சொல்லாமல் போதகரிடம் சொல்லியிருக்கிறாள் என்று முதலில் வருத்தமாக இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். உண்மையை வாங்கிக்கொள்கிற ஆளிடம்தானே யாரும் சொல்வார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் நரம்பு டாக்டர், அவளுக்கு. மத்தியானம் கண் டாக்டர், எனக்கு. பியூலா லீவு போட்டு வந்து இருவரையும் இரண்டு பக்கம் பிடித்துக் கூட்டிப் போனாள்.

அவளுடைய மாத்திரை நடுக்கத்தை மட்டுப்படுத்துமாம், நிறுத்தாதாம். என் இடது கண்ணில் அழுத்தம் இறங்கியிருக்கிறது. "இப்ப நல்லா போடுறீங்க சார், இப்படியே போங்க," என்றாள் மதிவதனி. போனதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது ஜெபா சொன்னாள்.

"ஏப்ரல்ல வந்திருந்தா?"

"மிஞ்சியிருக்கும்."

"எவ்வளவு?"

"தெரியல. உன் முகத்த முழுசாப் பாக்குற அளவுக்காவது."

அவள் பையைத் திறந்து எதையோ வெகுநேரம் தேடினாள். எதையும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இப்போது ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன். பக்கத்துக்கு ஆறு வரிதான் வருகிறது. டைரியின் கோடுகள் மங்கல் என்று ஜனவரியில் திட்டியிருந்தேன். கடைக்காரர் மேல் தப்பில்லை.

மிச்சமிருக்கிற பார்வைக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் அகப்படுகிறது. பக்கத்தில் நின்றால் ஜெபாவின் முகம் தெரியும்போது கை தெரியாது, கை தெரியும்போது முகம் தெரியாது. இரண்டும் சேர்ந்து தெரிய வேண்டுமென்றால் அவள் வாசல்வரை தள்ளிப்போய் நிற்க வேண்டும். நேற்று நிற்கச் சொன்னேன். வேலை கெடுது என்று திட்டிக்கொண்டே போய் நின்றாள். நான் பார்த்து முடிக்கும்வரை நின்றாள்.

இன்று காலை சொட்டுப் போட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தேன். டார்ச்சோடு குனிந்தாள்.

"இடது?"

"விழுந்துட்டு."

பார்த்தாள். "ஆமா, ஈரம் நிக்கி. வலது?"

"விழுந்துட்டு."

"சரியா இருக்கு. வெளிச்சம் தெரியுதா?"

"இடதுல தெரியுது."

"வலதுல?"

போன மாதம்வரை ஓரத்தில் ஒரு சாம்பல் நிறம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தெரியுது என்று சொல்ல ஒரு நொடி வாய் வந்தது.

"இல்ல. ஒண்ணுமே தெரியல," என்றேன்.

என் கன்னத்தில் வழிந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அது மருந்து என்றே இருவரும் வைத்துக்கொண்டோம்.

"இடதுல தெரியுத வெளிச்சம் ஆடுதா?" என்று கேட்டாள்.

"ஆடுது."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"சரி," என்றாள். "கண்ண மூடாதீய. நான் இன்னும் பாத்து முடிக்கல."

நான் மூடவில்லை. வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது.